அம்மி நீ

நவமணி கண்ணால் படித்த முதல் பேச்சு சோற்றைப் பற்றியது.

அன்றைக்குப் பனியன் கம்பெனி மொத்தமும் வேலையை நிறுத்திவிட்டு நின்றது. தையல் மெஷின்களை அணைத்துவிட்டுப் பெண்கள் எழுந்து வந்து செக்கிங் மேசையைச் சுற்றிக் கூடியிருந்தார்கள். ஹெச்.ஆர். மேனேஜர் கிஷோர் மைக்கைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஒருவர் வீடியோ எடுத்தார். பெங்களூரிலிருந்து வந்திருந்த ஷெரின் என்ற இன்ஜினியர் பெண், கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றை நவமணியின் மூக்கில் பொருத்தி, காதோரம் எதையோ அழுத்தினாள். பார்வையின் அடிவிளிம்பில், காற்றில் மிதக்கிற மாதிரி, வெள்ளை எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. மேனேஜரின் வாழ்த்துரைதான் முதலில் வரும் என்று எல்லோரும் நினைத்தார்கள். பக்கத்தில் நின்ற ஒருத்தி இன்னொருத்தியிடம் முணுமுணுத்ததுதான் வந்தது.

'இன்றைக்கும் சாதம் குழைந்துவிட்டது. மாடுகூடத் தின்னாது.'

நவமணி சிரித்துவிட்டாள். அவள் கண் கலங்குவாள் என்று கேமராவைக் கிட்டத்தில் கொண்டுபோய் வைத்திருந்த ஆளுக்கு ஏமாற்றமாகிவிட்டது. "இன்னொரு தடவை போட்டுக் காட்டச் சொல்லுங்க" என்றார். அதையும் அவள் படித்தாள்.

ஆறு வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவள் காதுகளைக் கொண்டுபோயிருந்தது. காது கேளாதோர் பள்ளியில் கைமொழியும் எழுத்தும் கற்றாள். கதைப் புத்தகம் கிடைத்தால் சோறு தண்ணி மறந்து படிப்பாள். பேசவும் தெரியும். ஆனால் பேசுவதில்லை. ஒருமுறை பஸ்ஸில் டிக்கெட் கேட்டபோது பின்சீட்டுப் பையன்கள் அவள் குரலைப் போலவே பேசிக் காட்டிச் சிரித்ததைப் பார்த்த நாளிலிருந்து வாயைப் பூட்டிக்கொண்டாள். கம்பெனியில் தைத்து வரும் பனியன்களில் பிசிறும் ஓட்டையும் பார்த்து ஒதுக்குகிற வேலைக்குப் பேச்சு தேவைப்படவில்லை. தேவைப்பட்டபோது பரிமளா இருந்தாள்.

பரிமளா பக்கத்து நாற்காலிக்காரி. நாலைந்து வயது மூத்தவள். வாய் ஓயாதவள். காது கேட்கிறவர்களில் நவமணிக்காகக் கைமொழி கற்றுக்கொண்டவள் அந்தக் கம்பெனியிலேயே அவள் ஒருத்திதான். வீட்டுக்காரர் சண்டை, நாத்தனார் கல்யாணம், சினிமாக் கதை எல்லாவற்றையும் துணி மடிக்கிற கையாலேயே சொல்லிவிடுவாள்.

கண்ணாடி வந்த பிறகு நவமணி நடையே மாறிப்போனது. திருப்பூரில் அதைப் போட்ட முதல் ஆள் அவள். தெருவில் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்து, "அக்கா, நான் என்ன சொன்னேன் சொல்லுங்க பாப்போம்" என்று காதுக்குள் சொல்கிற மாதிரி சொல்வார்கள். அவள் நின்று, ஒரு பள்ளிக்கூட டீச்சரின் தோரணையில் நிமிர்ந்து, அவர்கள் சொன்னதை எழுதிக் காட்டுவாள். மகளின் பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு முதன்முறையாக யாரையும் துணைக்குக் கூப்பிடாமல் தனியாகப் போனாள். 'உங்கள் மகள் வகுப்பில் அதிகம் பேசுகிறாள்' என்று டீச்சர் குறை சொன்னதை ஒரு பரிசைப் போல வாங்கிக்கொண்டு வந்தாள்.

கண்ணாடிக்கு முதலில் கொங்குப் பேச்சு பிடிபடவில்லை. எல்லோரையும் பாடப்புத்தகத் தமிழ் பேச வைத்தது. டீக்கடை டிவி நாடகத்தின் அழுகையையும் டீ மாஸ்டர் கணக்கையும் ஒரே வாக்கியமாகக் கட்டியது. பரிமளா வாய்க்கு வாய் 'அம்மிணி' என்று கூப்பிடுகிறவள். அது ஒவ்வொரு தடவையும் 'அம்மி நீ' என்று வந்தது. 'அம்மி நீ, சாப்பிட்டாயா?' 'போகலாம் வா, அம்மி நீ.' நவமணி இதை யாரிடமும் சொல்லாமல் தனக்குள் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். சொன்னால் ஷெரின் திருத்திவிடுவாளே!

ஒன்றைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அவள் வாய் திறந்து பேசினால் கண்ணாடி அடைப்புக்குறிக்குள் 'சத்தம்' என்று காட்டியது. லாரி ஹாரனுக்கும் அதே 'சத்தம்'. மிக்ஸி ஓடினாலும் அதே 'சத்தம்'.

ஷெரின் சனிக்கிழமைதோறும் கம்பெனிக்கு வந்து கண்ணாடியைச் சரிபார்த்துப் போவாள். அவளிடம் நவமணி எழுதிக் காட்டினாள்: 'எல்லார் பேச்சும் இதுக்குப் புரியுது. என் பேச்சு மட்டும் ஏன் சத்தம்?'

ஷெரின் நாகர்கோவில்காரி. முகம் சுருங்கிப்போனாள். "தப்பு எங்க மேலதான்க்கா. இதுக்குக் கோடிக்கணக்கான குரலைக் கேட்க வச்சுப் பேச்சு கத்துக்கொடுத்தோம். அதுல ஒண்ணுகூட உங்களை மாதிரி குரல் இல்ல. நீங்க வாய்விட்டுப் படிச்சீங்கன்னா நான் இதுக்குக் கத்துக்கொடுக்கேன். செய்வோமா?"

அதற்குப் பிறகு சனிக்கிழமை மதியங்களில், துணிக்கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து, நவமணி செய்தித்தாளை உரக்கப் படித்தாள். தொண்டை கமறியது. முதலில் வெறும் 'சத்தம்'. பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சொற்கள். ஒரு சனிக்கிழமை, செய்தித்தாளைக் கீழே வைத்துவிட்டு, "என் பேரு நவமணி" என்றாள். 'என் பேரு நவமணி' என்று கண்முன் வெள்ளையாக எழுந்து நின்றது. ஷெரின் கைதட்டியதை அவள் பார்க்கவில்லை. அந்த எழுத்து மறையும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை பஸ்ஸில் கண்டக்டரிடம் வாய் திறந்து டிக்கெட் கேட்டாள். பின்சீட்டில் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டில் மட்டும் அந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. கணவன் அர்ஜுனன் பிறவியிலேயே காது கேளாதவன். பிரிண்டிங் பட்டறையில் வேலை. அவனுக்குப் படிப்பு அவ்வளவாக ஏறவில்லை. ஓடுகிற எழுத்தைத் துரத்திப் படிக்க அவனால் ஆகாது. அவனுக்கும் ஒன்று வாங்கித் தருவதாக ஷெரின் சொன்னபோது வேண்டாமென்று கையசைத்துவிட்டான். ஒருநாள் சாப்பிடும்போது நவமணியின் தோளைத் தட்டிக் கையால் பேசினான்.

"நான் பேசும்போது உன் கண்ணு கீழ போகுது."

"பக்கத்து வீட்டுல என்னமோ பேசறாங்க. தன்னால வருது."

"உன் கண்ணுதான் எனக்குக் காது. அதை ஊருக்கெல்லாம் கொடுத்துட்டா நான் எங்க போய்ப் பேசறது?"

 கண்ணாடியைக் கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். அன்றிலிருந்து வாசற்படி ஏறியதும் அது அங்கேதான் போகும்.

கம்பெனியிலும் ஒன்று நடந்திருந்தது. அவள்தான் தாமதமாகக் கவனித்தாள். பரிமளா கையால் பேசுவதை நிறுத்திவிட்டாள். "இனி எதுக்கு அம்மிணி கை வலிக்கப் பேசோணும்? அதான் எழுதிக் காட்டுதல்ல" என்று துணியைப் பார்த்துக்கொண்டே வாயால் சொல்வாள். சொற்கள் ஒன்றுவிடாமல் வந்து சேர்ந்தன. பரிமளாவின் முகம்தான் வருவதில்லை.

கண்ணாடிக்கு வேறு பாஷைகளும் தெரியும். எந்த மொழியில் பேசினாலும் தமிழில் எழுதிக் காட்டும். கம்பெனி ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்த ஒடிசாப் பெண்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். சுற்றியிருந்தவர்களுக்கு அது வெறும் இரைச்சல். நவமணிக்கு அது பேச்சாக வந்தது. முதலில் ஊர்க்கதை, வீட்டு ஏக்கம். பிறகு ஒருநாள், மினதி என்ற பெண் பிசிறு வெட்டிக்கொண்டே, தலை நிமிராமல் பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்:

'இன்றைக்கும் என்னைத் துணி குடோனுக்கு வரச் சொல்லியிருக்கிறான். போகாவிட்டால் ஊருக்குப் போக லீவு கிடையாதாம். போன தடவை கதவைச் சாத்திவிட்டான். கையைக் கடித்துவிட்டு ஓடி வந்தேன்.'

அவன் என்றால், லீவு கொடுக்கிற ஃப்ளோர் சூப்பர்வைசர் லோகநாதன். நவமணிக்குக் கையிலிருந்த பனியன் நழுவியது. எழுந்து போய் மினதியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று மினதி குடோனுக்குப் போகவில்லை. நவமணி அவளை ஷிப்ட் முடியும்வரை தன் மேசையை விட்டு நகரவிடவில்லை. லோகநாதன் வந்து முறைத்துவிட்டுப் போனான். மறுநாள் நவமணி எல்லாவற்றையும் பரிமளாவிடம் சொன்னாள்.

பரிமளா கொதித்துப்போனாள். மதியம் கேன்டீனில், செக்கிங் பெண்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்த மேசையில், சோற்றைப் பிசைந்த கையை நீட்டிச் சொன்னாள். "இங்க பாரு அம்மிணி, ஆபீஸ்ல சொன்னா அமுக்கிப்போடுவாங்க. அடுத்த வாரம் வெளிநாட்டுக்காரி வர்றாளல்ல, துணி வாங்கற பையரு? அவகிட்டயே நேரா சொல்லிப்போடறேன். என்ன ஆனாலும் ஆவட்டும்."

மேசையில் இருந்தவர்கள் எல்லோரும் நம்பகமானவர்கள். பக்கத்து மேசைகள் காலி.

மறுநாள் காலை பரிமளாவை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்கள். திரும்பி வந்தவள் கையில் டிபன் பை இருந்தது. இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். கேட்டருகே பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நம்ம மேசையில இருந்தவளுகள்லதான் எவளோ போட்டுக்கொடுத்துட்டா" என்றாள் பரிமளா. குரல் நடுங்கியிருக்க வேண்டும், உதடு நடுங்கியது. "நான் சொன்னது அச்சு பிசகாம அந்தக் கிஷோரு திருப்பிச் சொல்றான். அதுலயும் ஒரு கூத்து. 'அம்மி நீன்னா என்ன? உங்களுக்குள்ள ரகசிய வார்த்தையா?'ன்னு கேக்கறான். அம்மியாமா, நீயாமா! மெட்ராஸ்காரனுக்கு என்ன எழவு புரிஞ்சுதோ."

அந்த ஆத்திரத்திலும் சில பெண்கள் சிரித்துவிட்டார்கள். நவமணி சிரிக்கவில்லை.  அந்த இரண்டு சொற்களை உலகத்தில் அவளைத் தவிர யாரும் பார்த்ததில்லை.

ஷெரினுக்கு உடனே செய்தி அனுப்பினாள். ஷெரின் மறுநாளே வந்தாள். கேன்டீனுக்குப் பின்னால், தண்ணீர் டேங்க் ஓரம் இருவரும் நின்றார்கள்.

"நான் படிக்கறது வேற யாருக்கெல்லாம் போகுது?" நவமணி வாய்விட்டே கேட்டாள்.

ஷெரின் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "கண்ணாடிக்குள்ள அவ்வளவு மூளை கிடையாதுக்கா. பேச்சு எங்க கம்ப்யூட்டருக்குப் போய் எழுத்தாகித் திரும்பி வருது. தப்பு வந்தா திருத்தணுமே, அதுக்காக ஒரு நகல் வைப்போம்."

"அதை இவங்க எப்படிப் பார்த்தாங்க?"

"கண்ணாடியை வாங்கினது கம்பெனி. வாங்கினவங்க நகலைப் பார்க்கலாம்னு ஒப்பந்தத்துல இருக்கு. எப்படி உபயோகமாகுதுன்னு பார்க்கத்தான் கேக்காங்கன்னு நினைச்சேன். இப்படிப் பார்ப்பாங்கன்னு…" அவள் நிறுத்தினாள். "நகல் வைக்காமலும் இதை ஓட்டலாம்க்கா. ஆனா கம்பெனி சொன்னாத்தான் என்னால நிறுத்த முடியும்."

நவமணி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தாள். மினதியின் பேச்சை அவளிடம் கொண்டுவந்து சேர்த்தது இதுதான். பரிமளாவின் பேச்சை அவளிடமிருந்து கொண்டுபோய்க் கொடுத்ததும் இதுதான். இத்தனை வருஷமாக எல்லாப் பெண்களும் அவள் முன்னால் எதையும் பேசினார்கள். அவளுக்குக் கேட்காது என்பதற்காக மட்டுமல்ல, அவளிடமிருந்து எதுவும் வெளியே போகாது என்பதற்காகவும். அந்தப் பெயர் போய்விட்டது.

சும்மா இருந்திருக்கலாம். கண்ணாடி ரிப்பேர் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அவள் அன்று மாலையே பரிமளாவின் வீட்டுக்குப் போனாள், வெறும் கண்ணோடு. வாசலில் நின்றே கைமொழியில் எல்லாவற்றையும் சொன்னாள்.

பரிமளா கதவுநிலையில் சாய்ந்து அவளையே பார்த்தாள். முகத்தில் கோபம் ஏறியது, இறங்கியது. பிறகு இடுப்புச் சேலையில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் பேசாத அந்தக் கைகளால் பேசினாள். விரல்கள் தடுமாறின.

"நீ சொல்லலை. அது சொல்லுச்சு. ஆனா மத்தவங்களுக்கும் தெரியோணும். நீயே சொல்லு."

மறுநாள் மதியம் நவமணி கேன்டீன் நடுவில் எழுந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். இத்தனை பேர் முன்னால் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"பரிமளாக்காவ யாரும் காட்டிக்கொடுக்கல. இந்தக் கண்ணாடிதான் கொடுத்துச்சு. நான் கேட்டதெல்லாம் ஆபீஸும் கேட்டிருக்குது. எனக்குத் தெரியாது. தெரிஞ்சதும் சொல்றேன்."

என்ன பதில் வந்தது என்று அவளுக்குத் தெரியாது. வாய்கள் அசைவதைத்தான் பார்த்தாள். இரண்டு பேர் தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்கள். ஒருத்தி அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். மினதி இருந்த இடத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலைக்குள் கிஷோரிடமிருந்து அழைப்பு வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டே போனாள். அவர் பேசுவதை அவர் சொல்லிலேயே படிக்க வேண்டும் அவளுக்கு.

கிஷோர் கத்தவில்லை. நாற்காலியைக் காட்டினார். "நவமணி, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. வெள்ளிக்கிழமை பையர் வர்றாங்க. மாற்றுத்திறனாளிகளுக்கு நாம என்ன செய்யறோம்னு பார்க்கத்தான் வர்றாங்க. நீங்க கண்ணாடியோட நின்னு ரெண்டு வார்த்தை நன்றி சொல்லணும். அது முடியட்டும், பரிமளா விஷயத்தை அப்புறம் பேசிக்கலாம்."

"நகல் எடுக்கறத நிறுத்துங்க சார்."

"அது கம்பெனி பாதுகாப்புக்கு. யோசிச்சுப் பாருங்க, உங்களுக்கு ஒரு குரல் கொடுத்ததே இந்தக் கம்பெனிதான்."

நவமணி எழுந்தாள். "குரல் எங்கிட்ட முன்னமே இருந்துச்சுங்க சார். நீங்க காதுதான் கொடுத்தீங்க. அதையும் உங்ககிட்டயே வெச்சுக்கிட்டீங்க."

சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் கண்முன்னே பிழையில்லாமல் ஓடி முடிகிறவரை நின்று பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

வியாழக்கிழமை மினதியை டேங்க் ஓரம் கூட்டிப்போனாள். கண்ணாடியைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டு, நகல் போவதைப் பற்றிச் சொன்னாள். பிறகு தனக்குத் தெரிந்ததைப் பையரிடம் சொல்லலாமா என்று கேட்டாள். மினதிக்குத் தமிழ் ஓரளவு வரும்.  நவமணியின் கையைப் பிடித்து, ஆபீஸ் படித்தால் படிக்கட்டும் என்பதுபோல் கண்ணாடியை அவள் முகத்திலேயே மாட்டிவிட்டு, ஒடியாவில் மெதுவாகச் சொன்னாள்:

'சொல்லுங்கள். ஆனால் நானும் பக்கத்தில் நிற்பேன். என் பெயரை மறைக்க வேண்டாம்.'

வெள்ளிக்கிழமை கம்பெனி வாசலில் கோலமும் தோரணமும் களைகட்டின. பையர் கம்பெனியிலிருந்து வந்த பெண்ணின் பெயர் இங்ரிட். நெட்டையாக, நரைத்த தலைமுடியோடு இருந்தாள். கிஷோரும் முதலாளியும் இரண்டு பக்கமும் நடந்து வந்தார்கள். லோகநாதன் புதுச் சட்டை போட்டுப் பின்னால் வந்தான். செக்கிங் மேசையருகே வந்ததும் இங்ரிட் நின்று நவமணியைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவள் முகத்திலும் ஒரு கண்ணாடி இருந்தது. சாதாரணக் கண்ணாடி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

நவமணியின் கண்முன் எழுத்து ஓடியது. 'இந்தக் கண்ணாடியால் உங்களுக்கு என்ன கிடைத்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்.'

கிஷோர் அதைத் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் நவமணி பேச ஆரம்பித்தாள். "வணக்கமுங்க. இதப் போட்டதுல எனக்கு ரொம்பப் பெருமைங்க. எம் புள்ளையோட டீச்சர் பேசினதப் படிச்சேன். பஸ்ஸுல தைரியமாப் பேசினேன்."

கிஷோர் முகம் மலர்ந்தது. ஆங்கிலத்தில் சொன்னார்.

"அதோட, இந்தப் புள்ள மினதி பேசினதையும் படிச்சேன். இந்த லோகநாதன் ஹாஸ்டல் புள்ளைங்களத் தனியாத் துணி குடோனுக்குக் கூப்பிடறான். வரலேன்னா லீவு இல்லேங்கறான். இத உங்ககிட்ட சொல்றேன்னு சொன்ன பரிமளாவ வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. அவ பேசினத இந்தக் கண்ணாடி மூலமா ஒட்டுக் கேட்டுட்டு நிறுத்தினாங்க."

மினதி முன்னால் வந்து அவள் பக்கத்தில் நின்றாள். கிஷோருக்கு வியர்த்தது. ஆனாலும் சமாளித்தார். நவமணியின் கண்ணாடி அவர் ஆங்கிலத்தையும் தமிழாக்கிக் காட்டியது. 'கம்பெனிக்கு நன்றி சொல்கிறார். மிகவும் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்.'

நவமணி இங்ரிட் பக்கம் திரும்பினாள். இவ்வளவும் சொல்லியும் நடுவில் ஒருவர் நின்று துடைத்துவிட முடிகிறதே! அப்போதுதான் இங்ரிட்டின் கண்களைக் கவனித்தாள். அவை கிஷோரைப் பார்க்கவில்லை. கண்ணாடியின் கீழ்விளிம்பில் இடமிருந்து வலமாக, மறுபடி இடமிருந்து வலமாக ஓடிக்கொண்டிருந்தன. அந்த ஓட்டம் நவமணிக்குத் தெரியும். அர்ஜுனன் இத்தனை நாள் குறை சொன்னது இந்த ஓட்டத்தைத்தான்.

கும்பலுக்குப் பின்னால் நின்ற ஷெரின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்ரிட் போட்டிருந்ததும் அவர்கள் செய்த கண்ணாடிதான். நவமணியின் குரலை எல்லாக் கண்ணாடிகளுக்கும் அவள் கற்றுக்கொடுத்து முடித்திருந்தாள்.

இங்ரிட் கையை உயர்த்திக் கிஷோரை நிறுத்தினாள். 'மொழிபெயர்க்க வேண்டாம். நான் படித்துவிட்டேன்' என்றாள். பிறகு மினதியின் பக்கம் திரும்பினாள். 'இது உண்மையா?'

மினதி கண்ணைத் தாழ்த்தாமல் தலையசைத்தாள். அவளுக்குப் பின்னாலிருந்த லைனில் இன்னொரு ஒடிசாப் பெண் எழுந்து நின்றாள். அப்புறம் இன்னொருத்தி. தமிழ்ப் பெண்களும் எழுந்தார்கள், கேன்டீனில் அன்று தட்டை எடுத்துக்கொண்டு போன இருவர் உட்பட. லோகநாதன் எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியாமல் தன் ஷூவைப் பார்த்தான்.

 நவமணியின் முதுகு வளையவில்லை. அவள் பேசிய பேச்சு, யாருடைய கையிலும் மாறாமல், கடல் தாண்டி வந்த ஒருத்தியின் கண்ணுக்குள் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்றைக்கே போலீசில் புகார் கொடுக்கப்பட்டது. லோகநாதன் மறுபடி கம்பெனி வாசலை மிதிக்கவில்லை. பரிமளா திரும்பி வந்தாள். அவள் கேட்டுக்குள் நுழைந்தபோது நவமணியைக் கட்டிக்கொண்டு என்னவோ சொன்னாள். முகம் தோளில் புதைந்திருந்ததால் உதட்டைப் பார்க்க முடியவில்லை. கண்ணாடியிலும் 'சத்தம்' என்றுதான் வந்தது. நவமணியின் கண்ணாடியில் இனி நகல் வைப்பதில்லை என்று முதலாளி எழுதிக் கொடுத்தார். மற்ற பிழைகளெல்லாம் திருந்திய பிறகும், 'அம்மி நீ'யைத் திருத்த மட்டும் அவள் விடவில்லை.

ஆனால் கம்பெனிகள் ஒரு ருசியைக் கண்டுவிட்டால் விடுவதில்லை. மழைக்காலம் முடிவதற்குள் சூப்பர்வைசர்கள் எல்லோருக்கும் கண்ணாடி வந்தது. தரத்துக்காக என்றார்கள், பாதுகாப்புக்காக என்றார்கள். முதலாளி எழுதிக் கொடுத்தது நவமணியின் கண்ணாடிக்கு மட்டும்தான், மற்றவற்றிலிருந்து ஆபீஸுக்கு நகல் போனது. சூப்பர்வைசர்கள் கேன்டீனுக்குள்ளும் போட்டுக்கொண்டு சுற்ற ஆரம்பித்தார்கள்.

மகளுக்கு டைபாய்டு காய்ச்சலென்று லீவு போட்டிருந்த நவமணி, மூன்று வாரம் கழித்து வேலைக்கு வந்தாள். மதியம் கேன்டீனுக்குள் நுழைந்தாள். கண்முன் ஒரு எழுத்துகூட ஓடவில்லை. நூற்றுக்கணக்கான பெண்கள் சாப்பிடுகிற நேரம். சார்ஜ் போய்விட்டதோ என்று கண்ணாடியைத் தட்டினாள். ஓரத்தில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கழற்றித் துடைத்து மறுபடி போட்டாள். வெறுமைதான்.

பிறகு தலையை நிமிர்த்தினாள்.

மேசைக்கு மேசை கைகள் பேசிக்கொண்டிருந்தன. கடைசி மேசையில் பரிமளா நின்றுகொண்டு, ஒரு கூட்டத்துக்கு 'நாளைக்கு' என்பதை எப்படிச் சொல்வதென்று காட்டிக்கொண்டிருந்தாள். மினதி கட்டைவிரலைத் தப்பான பக்கம் மடக்கியதால் பக்கத்திலிருந்தவள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஒருத்தி ஜன்னலோரம் யாருக்கோ தன் மாமியாரைப் பற்றிப் பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள், சத்தமே இல்லாமல், பத்து விரலாலும். தப்பும் தவறுமாகத்தான். ஆனாலும் நவமணிக்கு எல்லாம் புரிந்தது. வாழ்க்கையில் முதன்முறையாக, ஒரு பெரிய கூடத்தின் பேச்சு மொத்தமும் அவளுக்கு ஒரே நேரத்தில், அதன் முகங்களோடு, கேட்டது.

அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.  தோளை நிமிர்த்திக்கொண்டாள்.

புது சூப்பர்வைசர் மேசைகளுக்கு நடுவே நடந்து வந்துகொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், சட்டை நுனியில் துடைத்தார், போட்டார். நவமணியைக் கண்டதும் நேராக அவளிடம் வந்தார்.

"ஏனுங்க, இவங்கெல்லாம் என்ன பேசிக்கறாங்க?"

அவர் கேட்டதைக் கண்ணாடி தெளிவாக எழுதிக் காட்டியது. நவமணி அதை நிதானமாகப் படித்தாள். கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் போட்டுக்கொண்டாள். பிறகு கேன்டீன் முழுக்கக் கேட்கும்படி, தன் சொந்தக் குரலில் சொன்னாள்:

"எனக்குக் காது கேக்காதுங்க சார்."